பூசை மணிக்கு எழுந்த உடுப்புகள்

இருந்ததோ இல்லையோ, இல்லாத ஊருக்காக இத்தனை தாய்மார் அழுதிருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். ருமேனியா தேசத்தில், மூன்று மலைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில், போயானா என்றொரு ஊர். அந்த ஊரில் ஆட்டு மந்தை இருந்தது, சோளக்காடு இருந்தது, மரத்தாலேயே சுவர் வைத்து மரத்தாலேயே கூரை போட்ட கோவில் இருந்தது, வீட்டுக்கு வீடு பூ வரைந்த மரப்பெட்டி இருந்தது. இல்லாமல் போனது பிள்ளைகள்தான். வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள், பெண்கள் அங்கத்து முதியவர்களைக் குளிப்பாட்டி வாயில் ஊட்டிவிடவும், ஆண்கள் அடுத்தவர் வீட்டுக்குச் சுவர் எழுப்பவும். வருஷத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் மாதம் மாதா திருநாளுக்கு வந்து, பத்து நாள் இருந்துவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு, ஊர் எல்லைச் சிலுவையடியில் ஒருதரம் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போகிறவர்கள் தங்கள் ஊர் உடுப்பை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அது அங்கே வழக்கம். பெண்பிள்ளை உடுப்பென்றால், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளியே இல்லாமல் பூவேலை, அதற்குக் கீழே மஞ்சள் நூலில் ஒரு பட்டை, அதற்கும் கீழே மணிக்கட்டு வரைக்கும் ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து இறங்கும் தையல் வரிசைகள். இடுப்புக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தொங்கும் கம்பளித் துணி இரண்டு. அவற்றைச் சேர்த்துக் கட்டச் சிவப்புக் கச்சை. ஆண்பிள்ளை உடுப்பென்றால், முழங்கால் தொடும் வெள்ளைச் சட்டை, காலோடு ஒட்டிய வெள்ளைக் காற்சட்டை, ஒரு சாண் அகலத்தில் தோல் பெல்ட், ஆட்டுத்தோலில் தைத்த கையில்லாத மேல்சட்டை. இருவருக்கும் காலில் தோல்செருப்பு. குமரிக்குச் சிவப்பு நூல், பிள்ளை பெற்றவளுக்குக் கருஞ்சிவப்பு, கணவனைப் பறிகொடுத்தவளுக்குக் கறுப்பு. எந்தத் தையல் எந்தத் தாயின் கை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், முகத்தைப் பார்க்காமலே இது இன்னார் பிள்ளை என்று பின்னாலிருந்தே சொல்லிவிடுவார்கள். பிள்ளை போன பிறகு தாய்க்காரி அந்த உடுப்பை மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க அக்ரூட் இலையை நடுவில் வைத்து, பெட்டியில் போட்டு மூடிவிடுவாள்.

ஒரு வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்று, முதல் மணி அடித்து முடிவதற்குள், அந்த உடுப்புகள் எல்லாம் பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து கோவிலுக்கு நடந்தன.

அப்போது தொம்னிகா, பக்கத்து வீட்டு ருக்சாந்தாவோடு மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். தொம்னிகாவுக்கு அறுபது நடக்கிறது. கணவன் மரம் வெட்டப்போன இடத்தில் இறந்து பதினாறு வருஷம். ஒரே மகன் கவ்ரில், இத்தாலியில் சுவருக்குச் சாந்து பூசுகிறவன், அவன் ஊருக்கு வந்து இரண்டு வருஷம். ருக்சாந்தா அவளுக்கு ஐந்து வயது மூத்தவள், வாயாடி, மகள் சோரினாவை ஸ்பெயினுக்கு அனுப்பியவள். இரண்டு பேர் கையிலும், அங்கே குருத்தோலைக்குப் பதிலாகப் பிடிக்கிற, பஞ்சுமொட்டு வைத்த மரக்கொப்பு. பின்னால் தோல்செருப்புச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் திரும்பினால், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல், கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல், ஆனால் நடுவில் நல்ல சதைப்பிடிப்போடு ஒரு சிவப்புத் தையல் சட்டை இடுப்பை ஆட்டி ஆட்டி ஏறி வந்துகொண்டிருந்தது.

"அது எங்க சோரினா சட்டையில்ல?" என்றாள் ருக்சாந்தா.

"உன் தையல்தான்க்கா. இடது தோள்ல ஒரு பூ பெரிசா இருக்கு பாரு."

"பெட்டியைப் பூட்டாம வந்துட்டேன் போல," என்றாள் ருக்சாந்தா. சட்டை பக்கத்தில் வந்ததும் முதுகில் மடிப்பு நீவிவிட்டு, கச்சையை இறுக்கிக் கட்டிவிட்டு, "இவ்வளவு நேரம் என்னடி பண்ணினே, பூசை பாதி ஆயிருக்கும்" என்று அதட்டிக்கொண்டே அதன் கைமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். உடுப்புகளும் அப்படியே பிரிந்து, அவரவர் பிள்ளையாயிருந்தபோது நின்ற இடத்தில் போய் நின்றன. மாதா திருநாள் தவிர ஏழு வருஷமாகக் கூட்டமே பார்க்காத கோவில் அன்றைக்கு வாசல்வரை நிறைந்திருந்தது. பூசை வைத்த தனாசே சாமி திரும்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார், பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பாடினார். ஆசீர்வதித்த ரொட்டி கொடுக்கும் நேரம் வந்தபோதுதான் திகைத்தார். வாயில்லாத ஒன்றுக்கு எப்படிக் கொடுப்பது? கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு கச்சை மடிப்பிலும் ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு துண்டு ரொட்டியைச் செருகி விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரொட்டி இல்லை, துணுக்குகூட இல்லை. தாய்மாருக்கு அது போதும், பிள்ளை சாப்பிட்டாயிற்று.

"தொப்பி போடாம வந்ததும் நல்லதாப் போச்சு," என்றார் கிழவர் மோய்சே, குறை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. "கோவிலுக்குள்ள கழட்டுறதுக்குத் தலை வேணுமே."

அந்த ஞாயிறு போனது, அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மணிச்சத்தம் எட்டுகிற தூரத்தில் எத்தனை உடுப்பு இருந்ததோ அத்தனையும் எழுந்தன, மணிச்சத்தம் எட்டாத மலைக்குடிசையில் தொங்கிய ஒன்று மட்டும் எழவில்லை, அதைக் கீழே எடுத்துவந்து வைத்ததும் அதுவும் எழுந்தது. பூசை முடிந்து, வெயில் இறங்கும்வரை இருந்துவிட்டு, வந்தபடியே திரும்பிப்போய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். தாய் போய் மடிக்கும்போது துணியில் உடம்புச்சூடு இருக்கும்.

ஊர் இதற்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சாமி மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதினார். தடுக்கவும் வேண்டாம், தண்டோராப் போடவும் வேண்டாம் என்று பதில் வந்தது. மழை நாளில் கம்பளித் துணியின் சாயம் ஒழுகி வெள்ளைச் சட்டை கெட்டுப்போகிறது என்று, மழை தூறினால் பெட்டிமேல் கல் வைப்பது என்று பெண்கள் பேசி முடித்தார்கள். அந்துருண்டை போட்ட பெட்டிகளிலிருந்து வருகிறவை சாம்பிராணியையே அமுக்கிவிடுகின்றன, இனி எல்லாரும் அக்ரூட் இலைதான் போடவேண்டும் என்று சாமி பிரசங்கத்திலேயே சொன்னார். ஞாயிறு மாலை கோவில் முற்றத்தில் கைகோத்து ஆடுகிற வட்ட ஆட்டம், ஆளில்லாமல் நின்றுபோயிருந்தது மறுபடி தொடங்கியது; முழங்கால் வலிக்காரர்கள்கூட ஒருபக்கம் மருமகனின் கைமுனையையும் மறுபக்கம் மகளின் கைமுனையையும் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று ஆடிவிட்டு மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். பட்டணத்திலிருந்து கேமராவோடு ஒரு பஸ் ஆட்கள் வந்த ஞாயிறு மட்டும் ஒரு உடுப்பும் வெளியே வரவில்லை. பெட்டியில் கிடந்தபடியே கூச்சப்பட்டன என்று தாய்மார் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் சின்னதிலிருந்தே அப்படித்தான், விருந்தாள் வந்தால் உள்ளே ஓடிவிடும் என்றார்கள்.

எல்லார் வீட்டிலும் ஞாயிறு வந்தது, தொம்னிகா வீட்டில் மட்டும் வரவில்லை.

ஏனென்றால் அந்த ஊரிலேயே கவ்ரில் ஒருவன்தான் ஊர் உடுப்போடு போனவன். அவன் கிளம்பியது ஒரு திருநாள் மதியம். பூசையிலிருந்து அப்படியே ஆட்டத்துக்குப் போய்விட்டான், ஊருக்கும் இத்தாலிக்கும் ஆளும் பார்சலும் ஏற்றிப்போகும் வேன்காரர் கொஸ்தின் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றார், மாற்ற நேரமில்லாமல் சட்டைக்குமேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். "அங்க போய் அதைப் போட்டுக்கிட்டுச் சாந்து பூசுவியாடா?" என்று ஊரே சிரித்தது. தொம்னிகாவும் சிரித்தாள். இப்போது அவள் பெட்டியில் கிடந்ததெல்லாம், அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்துவைப்பதுபோல், தன் அடக்கத்துக்கென்று அவளே தைத்துவைத்த கறுப்புத் தையல் சட்டையும் தலைத்துணியும்தான். அது எதற்கு எழுந்து நடக்கப்போகிறது? அதற்கு உரியவள் ஊரிலேயே இருக்கிறாளே.

ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் கேட்கும். "எழுந்திரு சோரினா, முதல் மணி அடிச்சாச்சு. இங்க வா, பின்பக்கம் மண்ணு ஒட்டியிருக்கு. நேரா நில்லுடி." தொம்னிகா அதைக் கேட்டுக்கொண்டே தலைத்துணியைக் கட்டுவாள். கோவிலில் அவளுக்கு இரண்டு பக்கமும் சட்டைகள் நிற்கும். மூச்சு விடுவதுபோல் மார்புச் சுருக்குகள் ஏறி இறங்கும். ஆண்கள் பக்கத்தில், ஜன்னலோரம் மூன்றாவது பலகையில், கவ்ரில் நிற்கும் இடம் ஒரு ஆள் அகலத்துக்கு வெறுமையாயிருக்கும். யாரும் அங்கே நிற்பதில்லை. அவளுக்காகவே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்தக் கருணைதான் அவளைக் குத்தியது. மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி வைத்து, "தாயே, உன் பிள்ளையைத் தொலைச்சிட்டு மூணு நாள் தேடினவதானே நீ. என் கஷ்டம் உனக்குச் சொல்லணுமா" என்று மட்டும் கேட்பாள்.

ஜூன் மாதம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மகனுக்குப் போன் போட்டாள். உடுப்புகள் நடக்கிற விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வெளிநாட்டிலிருந்த ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"கவ்ரில், அந்தச் சட்டை இருக்கா உன்கிட்ட?"

"இருக்கும்மா. ஏன்?"

"வேன்ல குடுத்தனுப்பு."

அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஆறு பேர் ஒரே அறையில் இருந்தார்கள்.

"அது ஒண்ணுதாம்மா இங்க என்கிட்ட நம்ம ஊருன்னு இருக்கு."

"எனக்கு இங்க அதுகூட இல்லியேடா. எல்லார் பிள்ளையும் வருது. எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வராங்க. நான் ஒருத்தி வெறுங்கையோட வரேன்." அதற்குமேல் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தாள், சொல்லிவிட்டாள். "உன் இடத்துல காத்துதான் நிக்குது."

"சரிம்மா, அழாதே. அனுப்பறேன். இந்தக் கட்டடம் முடியட்டும், அனுப்பறேன்."

ஜூன் போனது, ஜூலை போனது. கட்டடம் முடியவில்லை, சட்டை வரவில்லை. ஆனால் சட்டை இல்லாத ஒருத்திக்கு ஊரைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. மற்றத் தாய்மார் எல்லாம் நீவிவிடவும் பொத்தல் தைக்கவும் கச்சைக்கு நிறம் ஏற்றவும் அலைந்துகொண்டிருக்க, தொம்னிகா வேலியோரம் நின்று பார்த்தாள். முன்பெல்லாம் ஞாயிறு மதியம் வீட்டுக்கு வீடு போன் அடித்துக்கொண்டேயிருக்கும். தாய்மார் சமையல்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டே ஓடுவார்கள். இப்போது தெரு அமைதியாயிருந்தது.

ஆகஸ்ட் வந்தது. மாதா திருநாளுக்கு முந்தின வாரம் வெளிநாட்டு நம்பர் போட்ட கார்கள் ஆற்றுப்பாலத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிவரும். அந்த வருஷம் ஒரு கார்கூட வரவில்லை. தாய்மார் ரொட்டி சுட்டார்கள், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டிவைத்தார்கள், திருநாள் அன்று உடுப்புகள் எழுந்து வந்தன, கச்சை மடிப்புகளில் ரொட்டி செருகப்பட்டது, முற்றத்தில் பெரிய வட்டமாக ஆட்டம் நடந்தது. யாரும் பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாயிருந்தார்கள், அதுதான் தொம்னிகாவுக்குப் பயமாயிருந்தது.

மறுநாள் ருக்சாந்தா வீட்டுக்குப் போனாள். ருக்சாந்தா முற்றத்தில் உட்கார்ந்து சோரினாவின் சட்டையில் அவிழ்ந்த நூலைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"சோரினா ஏன்க்கா வரல இந்த வருஷம்?"

"வரலியா? நேத்து நீயும்தானே பார்த்தே. ஆடி ஆடிச் செருப்பே தேஞ்சு போச்சு."

"நான் சோரினாவைக் கேக்கறேன்க்கா. சட்டையை இல்லை."

ருக்சாந்தா ஊசியை நிறுத்தவில்லை. "ஜூன்ல ஒருதரம் போன் பண்ணினா. 'அம்மா, இப்பல்லாம் ஊர் ஞாபகம் நெஞ்சை அரிக்கிறதே இல்லை. ஞாயித்துக்கிழமை பூரா நல்லாத் தூங்கறேன். எழுந்தா ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்கு'ன்னா. முன்னாடி அவ அங்க குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழுவாளாம், அந்த வீட்டுக் கிழவிக்குக் கேக்கக்கூடாதுன்னு. இப்ப அழறதில்லையாம்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியாம என்னடி? இந்த ஊர்ல எல்லாத் தாய்க்கும் தெரியும். ஏக்கம் இங்க வந்து நடந்து தீர்ந்துபோகுது. பிறகு எதுக்கு அதுங்க காரை எடுத்துக்கிட்டு ரெண்டாயிரம் மைல் வரணும்?" ருக்சாந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வந்தா பத்து நாள். போன பிறகு பத்து மாசம் நான் அந்தக் கட்டிலைப் பார்க்காம சுத்திச் சுத்தி நடக்கணும். இது வாராவாரம் வருது. என் பொண்ணு அங்க அழாம தூங்குது. பிள்ளை நிம்மதியாத் தூங்குதுன்னா வேணாம்னு சொல்ற அம்மா எவ இருக்கா? நீ சொல்லுவியா?"

தொம்னிகா எழுந்து வந்துவிட்டாள். அன்று பாவசங்கீர்த்தனம் சொல்வதுபோல் தனாசே சாமியிடம் போய், "சாமி, என் பிள்ளை என்னை நினைச்சு வேதனைப்படணும்னு நான் ஆசைப்பட்டா அது பாவமா?" என்று கேட்டாள். சாமி தாடியை உருவினார். அவருடைய தம்பியின் சட்டையும் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தது. "எனக்குத் தெரியலைம்மா," என்றார் கடைசியில். "நான் பதினெட்டு வருஷமாச் சாமியாரா இருக்கேன், இதுக்கு எனக்குத் தெரியலை."

சட்டையை அனுப்பாதே என்று மகனிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் போனைக் கையில் எடுப்பாள். அவன் நடை அவளுக்குத் தெரியும். இடது காலைக் கொஞ்சம் வீசி வைப்பான், தகப்பனைப்போல். ஒரே ஒரு ஞாயிறு அந்த நடை மேட்டுப்பாதையில் ஏறி வருவதைப் பார்த்தால் போதும் என்று தோன்றும், போனைக் கீழே வைத்துவிடுவாள். அப்படி வைத்து வைத்து நாள் போனது, செப்டம்பர் முதல் சனிக்கிழமை மாலை கொஸ்தின் வேனை வாசலில் நிறுத்தி, "உன் மகன் அனுப்பினது. இதைத் தவிர வேற ஒண்ணும் இல்லை. திங்கக்கிழமை காலையில திரும்பிப் போறேன், ஏதும் இருந்தா குடு" என்று பழுப்புத்தாள் சுற்றிச் சணல்கயிறு கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரிக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், ஜெபம் சொன்னாள், படுத்தாள். காலையில் எழுந்து முகம் கழுவித் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்து, ஒரு மூலையை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று தாளைக் கிழித்தாள். கழுத்துப்பட்டி வெளியே தெரிந்தது. அவள் தைத்த கழுத்துப்பட்டிதான்; ஆனால் விளிம்பு நைந்து நூல் நூலாய்ப் போயிருந்தது. திருநாளுக்கு மட்டும் போடுகிற சட்டை இப்படி நையாது. கைமுனையை இழுத்துப் பார்த்தாள். முழங்கை கிழிந்து, நீல நூலால், சாக்கு தைக்கிற மாதிரி பெரிய பெரிய தையலாக, ஆண்பிள்ளை தைத்த தையலாகத் தைத்திருந்தது. மார்பில் துவைத்தும் போகாத காபிக் கறை. இதை அவன் அங்கே போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வேலையில்லாத நாளெல்லாம், ஆறு பேர் அறையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இதைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அம்மா அழுதாள் என்பதற்காகக் கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

அப்போது முதல் மணி அடித்தது.

தாள் சரசரத்தது. பொட்டலம் மேசைமேல் ஒருமுறை புரண்டது, கயிறு இறுகியது, கிழித்த மூலை வழியாக வலது கை மெல்ல வெளியே வந்து மேசையைத் தடவியது. தொம்னிகா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தோள் விரிந்தது, முதுகு நிமிர்ந்தது, அவளுடைய விரல்களுக்கு அடியில் விலா எலும்பு போல ஒன்று மேலும் கீழும் போனது. எட்டு வயதில் காய்ச்சலோடு ஆட்டுமந்தை பார்க்க ஓடுவேன் என்று திமிறினவனை இப்படித்தான் பிடித்துவைத்திருந்தாள், அவன் இப்போது அதைவிடப் பலசாலியாயிருந்தான். வெளியே தெருவில் செருப்புச் சத்தங்கள் போயின, ருக்சாந்தா "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டு போனாள். இரண்டாம் மணி அடித்தது. சட்டையின் கை அவள் கழுத்தைச் சுற்றிவந்து, அவள் தலைத்துணி முடிச்சைத் தொட்டு, அங்கேயே நின்றது. விடு என்று சொல்கிறதா, பிடி என்று சொல்கிறதா, தாய்க்கே தெரியவில்லை. "அருள் நிறைந்தவளே," என்று தொடங்கினாள், மேலே வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லும் ஜெபம் அன்றைக்கு மறந்துபோனது. "இன்னும் கொஞ்சம்டா," என்றாள் அதற்குப் பதிலாக. "இன்னும் கொஞ்சம். முடிஞ்சிரும்." மூன்றாம் மணி அடித்தது. பாட்டுச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பிவந்தது. ஒரு பூசை நேரம் முழுக்க அவள் விடவில்லை. கடைசி மணி ஓய்ந்தபோது மடியில் இருந்தது அழுது தூங்கிப்போன பிள்ளையின் கனமாய் இருந்தது, பிறகு வெறும் துணியின் கனமாய் ஆனது.

பூசை முடிந்து திரும்பிய ருக்சாந்தா வாசலில் எட்டிப் பார்த்தாள். சோரினாவின் சட்டை அவளுக்குப் பின்னால் நின்றது.

"என்னடி பூசைக்கு வரல? சட்டை வந்துச்சுன்னு கொஸ்தின் சொன்னாரே. எங்க?"

தொம்னிகா மடியைக் காட்டினாள்.

ருக்சாந்தாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அடிப் பாவி. பிடிச்சா வச்சிருந்தே? ஒருதரமாவது நடக்க விட்டுப் பார்த்திருக்கலாமில்ல?"

"ஒருதரம் பார்த்தா, அப்புறம் இந்தச் சட்டையை விடமாட்டேன்க்கா," என்றாள் தொம்னிகா.

ருக்சாந்தா திட்ட வாயெடுத்தாள், திட்டவில்லை. திரும்பி மகளின் சட்டையை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தாள். பிறகு அதன் கைமுனையைப் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல் அதட்டாமல், மெதுவாகத் தன் வீட்டுக்கு நடந்துபோனாள்.

அன்று மதியம் கவ்ரிலிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, சட்டை வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"காலையில எனக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. எழுந்து நடக்கணும், எங்கயோ போகணும்னு கையும் காலும் பறக்குது. ஆனா யாரோ பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. ஒண்ணரை மணி நேரம். கட்டில்ல உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் யாரு செத்துட்டான்னு கேட்டாங்க."

தொம்னிகா கண்ணை மூடிக்கொண்டாள். "ரொம்ப வலிச்சுதா?"

"ரொம்ப."

"நான்தான் பிடிச்சேன். மன்னிச்சிரு. நடக்க விட்டிருந்தா வலிச்சிருக்காது. மத்தப் பிள்ளைங்க யாருக்கும் வலிக்கிறதில்லை, நல்லாத் தூங்குதுங்க, யாரும் வரதும் இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "திங்கக்கிழமை வேன்ல திருப்பிக் குடுத்து விடறேன். அது உன் சட்டை. நீயே வச்சுக்கோ. என்ன செய்யணும்னு நீயே பார்த்துக்கோ. நான் இனிமே கேக்கமாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ டிவியைச் சத்தமாக வைத்தார்கள், யாரோ குறைத்தார்கள். வைத்துவிட்டானோ என்று அவள் நினைத்தபோது கேட்டான்:

"பிளம் பழம் பறிச்சாச்சாம்மா?"

"கீழ்க்கொப்பு மட்டும்தான். மேல எட்டலை."

"ஏணி?"

"ஏணி இருக்கு. ஏறினா தலை சுத்துது."

"ஏறாதே. விட்டு வை," என்றான். மறுபடியும் சொன்னான். "மேல்கொப்பை விட்டு வைம்மா."

திங்கட்கிழமை வேனில் சட்டை திரும்பிப் போனது. அந்த வருஷம் போயானாவில் எல்லா வீட்டுப் பழமும் செப்டம்பர் முடியுமுன்னே பறித்துச் சாராயம் காய்ச்சியாகிவிட்டது. தொம்னிகா வீட்டு மரத்தில் மட்டும், உச்சியில், நீலம் கறுப்பாகிக் கறுப்பு சுருங்கிப் பழங்கள் தொங்கின. ஞாயிறுதோறும் உடுப்புகள் அந்த வழியாகக் கோவிலுக்குப் போயின, அவளும் அவற்றோடு போய்விட்டு வந்தாள், வந்ததும் ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். அக்டோபர் வந்தது. பாலத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே தூக்கி, அவள் பறவைகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.